இரண்டாம் ஓலை

சேரன்மகாதேவி
20.10.2020

அன்புள்ள தம்பி ஜாபேஸுக்கு,

தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

ஒன்பது நாளாக உனக்குப் போன் அடிக்கிறேன். முதல் நாள் மணியாவது அடித்தது. மறுநாளிலிருந்து அதுவும் இல்லை. உன் அத்தான் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் தபாலாபீசுக்குப் போய்க் கவர் வாங்கி வந்தேன். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கடிதம் அடித்துக் கொடுத்தவள் நான். சொந்தத் தம்பிக்கு ஒரு கடிதம் எழுத மூன்று தாள் வீணாகிவிட்டது.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டு அப்புறம் கிழித்துப் போடு. செப்டம்பரில் உன் பெண்டாட்டி புஷ்பம் போனில் அழுதாள். மந்திரமூர்த்தி அண்ணாச்சி பேட்டைப் பட்டறையை இழுத்துப் பூட்டிவிட்டார், உனக்கு வேலை இல்லை, ரேஷன் அரிசியில்தான் வீடு ஓடுகிறது என்றாள். நான் சொன்னதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதீர்கள் மதினி என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நேராகப் பணம் அனுப்பினால் நீ திருப்பி அனுப்புவாய். உங்கள் சபையில் யாரோ வெளிநாட்டுக்காரர் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு அரிசி மூட்டை கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, நேசையா உபதேசியாருக்குப் போன் போட்டேன். தம்பி வீட்டிலும் ஒரு மூட்டை இறக்கிவிடுங்கள், காதும் காதும் வைத்த மாதிரி இருக்கட்டும் என்றேன். சரிம்மா என்றார். நான் செய்தது அவ்வளவுதான்.

மூன்று ஞாயிறு கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் என்று ஓலை வாசித்தால்தான் நம்மில் கலியாணம். பியூலாவுக்கு முதல் ஓலை வாசிக்கிற அதே ஞாயிறு, அதே அறிவிப்பில், அரிசி வாங்குகிறவர்கள் பெயரையும் அந்த மனுஷன் சபை முழுக்கக் கேட்க வாசிப்பார் என்று நான் கனவா கண்டேன்? பெண்ணின் தகப்பன் என்று உன் பெயர் ஒரு தடவை, அரிசி வாங்குகிறவன் என்று ஒரு தடவை. மாப்பிள்ளையின் பெரியப்பா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். போன ஞாயிறு இரண்டாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டதாகப் புஷ்பம் நேற்றுத்தான் சொன்னாள்.

ஆனால் ஒன்று. பட்டறை மூடியதை மாப்பிள்ளை வீட்டில் நீ மறைத்தாய். மறைத்திருக்கிறேன் என்று எனக்காவது சொன்னாயா? தெரிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? இதை எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன், அடிக்க மனசில்லை.

பிள்ளை எப்படி இருக்கிறாள்? அதையாவது எழுது.

அக்கா
ஹெப்சிபா

•

பேட்டை
2.11.2020

திருமதி ஹெப்சிபா கிருபைராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்டதற்குப் பதில்: பியூலா நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னோடு பேசுவதில்லை.

உபதேசியாரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் கமிட்டித் தீர்மானப்படிதான் வாசித்தார். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தது யார் என்று உங்களுக்குத் தெரியாது போல. நான்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயில் அரிசி கமிட்டிக்காரர்களின் சொந்தக்காரர்களுக்கே போகிறது என்று சபையில் அடிதடி நடந்தது. அப்போது நான் செயலாளர். கொடுக்கிறவர் பெயரும் வாங்குகிறவர் பெயரும் ஆராதனையில் எல்லாருக்கும் கேட்க வாசிக்க வேண்டும், அப்போதுதான் ஒளிவு மறைவு இருக்காது என்று எழுந்து நின்று சொன்னேன். கை தட்டினார்கள். ஆறு வருஷம் அந்தப் பட்டியலை நானேதான் வாசித்தேன். எனக்கு மைக் தேவைப்படாது. ஒவ்வொரு பெயரையும் வாசித்துவிட்டு அந்த ஆள் வந்திருக்கிறாரா என்று தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பேன். ஒரு தடவை ஒரு விதவை அம்மா, பெயரை வாசித்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். ஆசீர்வாதம் கூறும் முன்னால் எழுந்து போகிறாயே என்று அடுத்த வாரம் அவளைக் கண்டித்தேன். போன மாதம் பதினோராம் தேதிதான் அவள் ஏன் போனாள் என்று தெரிந்தது.

ஓலை வாசிக்கிற நாள் என்று பியூலா புதுச் சேலை கட்டியிருந்தாள். என் பெயர் இரண்டாம் தடவை வந்ததும் பெண்கள் பக்கமிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். இது வேறு யாரோ ஜாபேஸ் என்று நாலு பேராவது நினைக்க மாட்டார்களா என்று இருந்தது. எங்கள் சபையில் வேறு ஜாபேஸ் இல்லை.

மறைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், மறைத்தேன். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் நின்றேன். அவர்கள் வந்து உட்கார்ந்து காப்பி குடித்த பிறகு, பாதி வேலையில் விட்டுவிட்டு ஓடி வந்த போர்மேன் மாதிரி உள்ளே வந்தேன். சட்டையில் புஷ்பம் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டிருந்தாள். பட்டறை மூடி அப்போது பத்து நாள். லேத்துகளை அண்ணாச்சி எடைக்குப் போட்டார். தரையை உடைக்காமல் கழற்றத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று என்னையே கூப்பிட்டார். பதினொரு பேர் வேலை செய்த இடத்தை இரண்டு நாளில் வெறும் தரையாக்கிக் கொடுத்தேன். "மில்லு பூராம் நின்னு கெடக்கு. யாருக்குலே இனிமே சாமான் செஞ்சு குடுக்க?" என்று அண்ணாச்சி அழுதார். அவருக்கு நான் ஆறுதல் சொன்னேன்.

அதற்குப் பிறகு தச்சநல்லூர் போனேன், கங்கைகொண்டான் போனேன். ஐம்பத்தொரு வயசு என்றதும் எல்லாரும் மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறார்கள். இருக்கிற ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், என்னை எங்கே வைப்பார்கள்?

கலியாணம் முடிந்துவிட்டால் அப்புறம் யாருக்கு என்ன தெரிந்தால் என்ன என்று நினைத்தேன். மூன்று ஞாயிறுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒன்று கிடைத்தது.

இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு
ஜாபேஸ்

•

சேரன்மகாதேவி
9.11.2020

தம்பிக்கு,

ஐம்பத்தொரு வயசில் முதல் தடவையாக என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். அத்தானிடம் காட்டினேன். பரவாயில்லையே, உனக்கு இப்போதாவது மரியாதை கிடைத்தது என்றார். நான் சிரிக்கவில்லை.

நான் செய்தது தப்பு. போன கடிதத்தில் பாதி மன்னிப்பும் பாதி வக்கீல் நோட்டீசுமாக எழுதினேன். இப்போது முழுதாக எழுதுகிறேன். உன்னைக் கேட்காமல் உன் வீட்டுக் கஷ்டத்தை இன்னொருவர் காதில் போட எனக்கு உரிமை இல்லை. அக்கா என்கிற உரிமை அதுவரை நீளாது. அந்த விதவை அம்மாவைப் பற்றி நீ எழுதினதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. எத்தனை பேருக்கு நாம் இப்படி நல்லது செய்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன்.

சனிக்கிழமை அத்தான் உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோன அரிசிப் பையைப் புஷ்பம் வாங்கவில்லையாம். வாசலிலேயே நிற்க வைத்து, அவர் திட்டுவார் அண்ணாச்சி என்று அனுப்பிவிட்டாள். அவரும் கோபப்படாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு வேறு வேலையும் இல்லை. கலியாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்கிறபோது பந்தல் யார் போடுவார்கள், பாத்திரம் யார் வாடகைக்கு எடுப்பார்கள்? மார்ச்சிலிருந்து அண்டாவெல்லாம் கவிழ்ந்து கிடக்கிறது. ஒன்றுக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. அந்த அண்டாவுக்காவது ஒரு உபயோகம்.

பியூலாவைக் கொஞ்ச நாள் இங்கே அனுப்பு. ஆற்றங்கரைப் பக்கம் நடந்தால் பிள்ளைக்கு மனசு கொஞ்சம் ஆறும். நான் அவளிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். எனக்கும் பேச்சுத்துணை வேண்டும்.

ஹெப்சிபா

•

பேட்டை
15.12.2020

அக்காவுக்கு,

பியூலாவை அங்கே அனுப்பவில்லை. பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் போன மாதமே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஐயம்பெருமாள் என்று ஒரு ஏஜெண்டு எங்கள் தெருவுக்கு வந்தான். மில்லெல்லாம் இப்போதுதான் மறுபடி ஓடுகிறது, பிள்ளைகள் வேண்டும், ஹாஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு என்றான். மூன்று வருஷம் இருந்தால் கடைசியில் கலியாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை தருவார்களாம். நான் அவனை வெளியே போகச் சொன்னேன். பியூலா உள்ளே இருந்து வந்து, "நான் போறேன்பா. இங்கன இருந்து என்ன செய்ய?" என்றாள். ஓலை நின்றதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. வேலை பார்த்த ஜவுளிக்கடையில் பாதிப் பேரை நிறுத்தினார்களே, அதில் அவளும் ஒருத்தி. பி.காம். சர்ட்டிபிகேட்டை பிளாஸ்டிக் உறையோடு எடுத்து வைத்துக்கொண்டாள். மில்லில் அதைப் பார்க்கவேயில்லை.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். மதுரையில் ஒரு டீ வாங்கி மூன்று பேரும் குடித்தோம். மில் கேட்டில் என்னையும் புஷ்பத்தையும் போட்டோ எடுத்து ஒரு அட்டையில் ஒட்டினார்கள். பெற்றோர் தவிர வேறு யாரும் வந்து பார்க்க முடியாது. போன் உள்ளே கூடாது என்று அவள் போனை என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வார்டன் அம்மாவின் போனிலிருந்து ஐந்து நிமிஷம் பேசலாம். கேட்டைச் சாத்துகிறவரை அவள் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். புஷ்பம் திருநெல்வேலி வரும்வரை அழுதாள். அவளுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, ஊசிக்கு மாறச் சொல்லிவிட்டார் டாக்டர். அவள் பீடி சுற்றுகிற கம்பெனியிலும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் இலை போடுகிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். போன வாரம் அவள் முதல் சம்பளம் வந்தது. அதில் அரிசி வாங்கினோம். அந்தச் சோறு தொண்டையில் இறங்காது என்றுதான் உட்கார்ந்தேன். இறங்கியது அக்கா. இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். புஷ்பத்திடம் இதைச் சொல்ல முடியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஜாபேஸ்

•

சேரன்மகாதேவி
28.12.2020

தம்பிக்கு,

கிறிஸ்மஸ் வந்தது, போனது. நீயும் புஷ்பமும் வருவீர்கள் என்று கொஞ்சம் அரிசி கூடப் போட்டேன். நீங்கள் வராததால் மறுநாள் பழைய சோறு சாப்பிட்டோம்.

பி.காம். படித்த பிள்ளையை மில்லில் தள்ளிவிட்டு வந்து, அவளே போகிறேன் என்றாள் என்று எழுதுகிறாய். அவள் சொல்வாள். உன் மகள், வேறு எப்படிச் சொல்வாள்? நீ அல்லவா வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் பென்ஷனில் பாதியைக் கொடுத்திருப்பேன். கேட்க மாட்டாய்.

சோறு இறங்கியது என்று எழுதினதற்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பசித்தவன் சாப்பிட்டால் குற்றமில்லை. அதை நினைத்து மருகாதே.

வீரவநல்லூருக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போகப் போகிறேன். கெடுத்தது நான், சரிசெய்வதும் நான்தான். உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

ஹெப்சிபா

•

சேரன்மகாதேவி
19.1.2021

அன்புள்ள ஜாபேஸ்,

உட்கார்ந்து படி. முடிந்தால் புஷ்பத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

பொங்கல் கழிந்த மறுநாள் வீரவநல்லூர் போனேன். ஞானசிகாமணி அண்ணாச்சி, அதுதான் மாப்பிள்ளையின் அப்பா, என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்புவார் என்று நாலு வார்த்தை தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவர் எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கோபக்காரன் நாற்காலி துடைக்க மாட்டான். அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

தம்பி வீட்டு விஷயத்தை மனசில் வைக்காதீர்கள், அரிசி வாங்கினது அவன் இல்லை, நான்தான் ஏற்பாடு பண்ணினேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் மொபெட் சத்தம். மாப்பிள்ளை ரூபன் வந்தான். பின்னால் பெரிய கூடை, அதில் வைக்கோலுக்கு நடுவே முட்டை. கணக்கு வாத்தியார் என்று நமக்குச் சொல்லியிருந்த பையன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் திகைத்து நின்றான். அவன் அம்மா அடுக்களையில் அழ ஆரம்பித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அவன் வேலை பார்த்த தனியார் பள்ளிக்கூடத்தில் போன ஏப்ரலிலிருந்து சம்பளமே இல்லை. ஜூலையில் வாத்தியார்களில் பாதிப் பேரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரூபன் அன்றிலிருந்து ஊர் ஊராக முட்டை விற்கிறான். பெண் பார்க்க வந்தபோது அவன் வாத்தியார் இல்லை, நீ போர்மேன் இல்லை. இரண்டு வீட்டாரும் காப்பி குடித்துப் பொய் பேசிக்கொண்டீர்கள்.

அவர்கள் ஏன் ஓலையை நிறுத்தினார்கள் என்று ஞானசிகாமணி அண்ணாச்சியே சொன்னார். "உங்க தம்பி பட்டறையில பெரிய கை, பையனுக்கு அங்கன ஒரு வழி பண்ணிக் குடுப்பாருன்னு நம்பியிருந்தோம்மா. அவரு பேரே அரிசி லிஸ்ட்ல வந்ததும் எங்களுக்குக் கையும் காலும் ஓடல. நாங்க எங்க கதையச் சொல்லி வெக்கப்படுததுக்கு, உங்க மேல பழியப் போட்டுட்டு ஒதுங்கிட்டோம்" என்றார். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன்.

ரூபன் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தான். பியூலாவின் போனுக்கு எத்தனையோ தடவை அடித்தானாம், அணைத்தே இருக்கிறதாம். அவங்களுக்கு என் மேல கோபமா அத்தை என்று கேட்டான். முட்டைக்காரனைக் கட்டிக்கொள்வாளா என்று அவனுக்குப் பயம். நான் சொன்னேன், அவள் மில்லில் நூல் சுற்றுகிறாள், இரண்டு பேருக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று.

இனி என்ன தடை? மறைக்க யாருக்கும் ஒன்றும் இல்லை. உங்கள் குருவானவரிடமும் பேசிவிட்டேன். நாள் தள்ளிப்போனாலும் நின்ற இடத்திலிருந்து இரண்டாம் ஓலையை வாசித்துக்கொள்ளலாம் என்கிறார். பிப்ரவரி பதினேழில் லெந்து நோன்பு தொடங்கிவிடும், அப்புறம் ஈஸ்டர்வரை கலியாணம் கிடையாது. அதற்குள் முடித்துவிடலாம். பந்தல், ஜமுக்காளம், பாத்திரம் எல்லாம் நம் வீட்டுடையது. பூனையை மட்டும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். நீ பல்லடம் போய்ப் பிள்ளையைக் கூட்டி வா, அவ்வளவுதான்.

கை வலிக்கிறது. ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷமாக வலிக்கிறது.

உன் அக்கா
ஹெப்சிபா

•

பேட்டை
8.2.2021

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு ரொம்ப நன்றி. அவர்கள் வீட்டு நிலைமையைப் படித்து வருத்தமாக இருந்தது.

மில்லில் உடனே லீவு தர மாட்டார்கள். பாதியில் விட்டால் கடைசியில் தருகிற தொகை கிடையாது. வார்டன் அம்மாவும் கொஞ்சம் கண்டிப்பானவர். லெந்தும் நெருங்கிவிட்டது. அவசரப்பட்டு ஒன்றும் செய்ய வேண்டாம். ஈஸ்டர் கழியட்டும், பார்ப்போம்.

எனக்கு அங்கங்கே கூலி வேலை கிடைக்கிறது. நிரந்தரம் இல்லை. முதுகு கொஞ்சம் தொந்தரவு. புஷ்பத்துக்கு ஊசி போட ஆரம்பித்தாயிற்று. அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஜாபேஸ்

•

சேரன்மகாதேவி
16.3.2021

ஜாபேஸ்,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். "ரொம்ப நன்றி" என்று எழுதியிருக்கிறாய். என்னைத் திட்டி எழுதினபோதுகூட நீ இவ்வளவு தூரத்தில் இல்லை.

போன வியாழக்கிழமை டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அறுப்பு நேரம், நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் லாரிகள் அடைத்துக்கொண்டு பஸ் நின்றுவிட்டது. மூட்டை தூக்குகிறவர்களில் ஒருத்தன் நடை எனக்குத் தெரிந்த நடையாக இருந்தது. தலையில் துண்டு, முகம் தெரியவில்லை. இடது காலைக் கொஞ்சம் அகட்டி வைக்கிற நடை. நான் இறங்கி வந்தேன். அதற்குள் நீ லாரிக்குப் பின்னால் போய்விட்டாய். இரண்டு நிமிஷம் நின்றேன். லாரிக்கு அடியில் உன் கால் தெரிந்தது. நீ வரவில்லை, நானும் சுற்றிக்கொண்டு வரவில்லை. கூப்பிட்டால் உனக்கு இன்னொரு தடவை பெயர் வாசித்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. என் வீடு அங்கிருந்து நடந்தால் பத்து நிமிஷம். ஒரு வாய் தண்ணீர் குடிக்க வரக்கூடாதா?

அத்தானுடைய பாத்திரங்களைப் போன வாரம் எடைக்குப் போட்டுவிட்டோம். என் பென்ஷன் வந்த அன்றைக்கே அவருடைய பழைய வேலையாட்களுக்கும் பாங்கிக்கும் போய்விடுகிறது. உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். உனக்குப் பாதி தருவேன் என்று பெருமையாக எழுதினது நினைவிருக்கிறது. இப்போது என்னால் மாதம் பத்துக் கிலோ அரிசிதான் முடியும். அதுவும் நீ வாங்கிக்கொண்டால்.

ரூபன் இங்கே முட்டை கொண்டுவருகிறபோதெல்லாம் வாசலில் நிற்கிறான். ஒன்றும் கேட்பதில்லை, நிற்கிறான். ஈஸ்டர் கழிந்ததும் அவனே உன்னிடம் வந்து பேசப் போகிறான். நான்தான் போகச் சொன்னேன்.

அவன் கதையைக் கேட்டதும் பியூலா என்ன சொன்னாள் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அவளிடம் சொன்னாயா இல்லையா?

ஹெப்சிபா

•

பேட்டை
13.4.2021

அக்கா,

சொல்லவில்லை.

நீ ஜனவரியில் எழுதின கடிதத்தைப் புஷ்பத்துக்கும் காட்டவில்லை. சும்மா நலம் விசாரித்து எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். பியூலாவின் போனை நான்தான் அணைத்து வைத்தேன். மில்லில் லீவு தர மாட்டார்கள் என்று எழுதினேனே, நான் லீவு கேட்கவேயில்லை.

ரூபன் போன வெள்ளிக்கிழமை வந்தான். புஷ்பம் பீடி இலை வாங்கப் போயிருந்தாள். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை, வாசலில் நின்றேதான் பேசினான். "எங்கப்பா செஞ்சத மனசுல வச்சுக்கிடாதீங்க மாமா. எனக்கு ஒண்ணும் வேண்டாம். ரெண்டாம் ஓலைய வாசிக்கச் சொல்லுங்க, அது போதும். அவங்க மில்லுல கெடந்து கஷ்டப்பட வேண்டாம், நான் எப்படியும் பாத்துக்கிடுவேன்" என்றான். வேர்த்து நனைந்திருந்தான். நல்ல பையன் அக்கா. அவனைப் பற்றி நீ எழுதினது எல்லாம் சரி.

அவளுக்கு இஷ்டமில்லை தம்பி என்று சொன்னேன்.

அவங்களே சொன்னாங்களா மாமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனான். வண்டியில் ஏறவில்லை, தெரு முடிகிறவரை உருட்டிக்கொண்டே போனான்.

இப்போது நீ என்ன கேட்பாய் என்று தெரியும். கலியாணம் ஆனாலும் அவள் அப்பா அம்மாவை விட்டுவிடுவாளா என்பாய். விட மாட்டாள். ஒரு மாதம் அனுப்புவாள், இரண்டு மாதம் அனுப்புவாள். அங்கே மூன்று பேருக்கு முட்டைக் கூடை ஒன்றுதான் வருமானம். மில்லை விட்டுவிட்டு அவள் எதிலிருந்து அனுப்புவாள்? பிள்ளை உண்டானால்? கொள்முதல் நிலையத்தில் பங்குனியோடு வேலை முடிந்துவிட்டது. கடைசி நாள் மூட்டையோடு விழுந்தேன், இப்போது குனிய முடியவில்லை. பீடி சுற்றுவதற்குப் புஷ்பத்தின் விரல் மரத்துப்போகிறது. மறுபடி ஊரடங்கு வரும் என்கிறார்கள். பியூலாவின் சம்பளம் வராத மாதம் என்று ஒன்று வந்தால் அந்த மாதத்தை நாங்கள் எப்படித் தாண்டுவோம் என்று யோசித்தேன். ரூபன் பேசிக்கொண்டிருந்தபோதே அதைத்தான் யோசித்தேன். வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

அன்றைக்கு நீ என் பெயரைக் கொடுத்தது தெரியாமல் செய்த தப்பு. ஆறு மாதமாக அதைச் சொல்லிச் சொல்லி உன்னைக் குத்தினேன். இது நான் தெரிந்தே செய்தது. என் மகள் கலியாணத்தை ஊராரும் கெடுக்கவில்லை, நீயும் கெடுக்கவில்லை. மூன்று ஞாயிறுக்காக அவ்வளவு பொய் சொன்ன நான்தான், அது வீடு தேடி வந்தபோது திருப்பி அனுப்பினேன்.

அவளிடம் சொல்லாதே என்று உன்னைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ரூபனிடமும் சொல்லாதே. அவனாவது வேறு இடம் பார்த்துப் போகட்டும்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை பியூலா பேசினாள். அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஈஸ்டருக்கு நம்ம வீட்டுக்கு யாரும் வந்தாங்களாப்பா என்றாள். யாரும் வரவில்லை என்று சொன்னேன். "சரிப்பா" என்றாள். வார்டன் அம்மா நேரமாகிவிட்டது என்று சொல்வது கேட்டது. இந்த மாதம் ஓவர்டைம் இருக்கிறது, கொஞ்சம் கூட அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஜாபேஸ்